மூட்டைச் சுவர்

கயல்விழி எதையும் எழுதி வைக்காமல் விடுகிறவள் இல்லை. பண்ருட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. வருகிறவர் கையில் ஊசி குத்துவதற்கு முன்னால் குழாயில் பேரை எழுதிவிட வேண்டும். குத்திவிட்டு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பேரில் போய்விடும். அந்தப் பயம் மூன்று வருஷத்தில் அவள் கைக்குள் ஊறிப்போயிருந்தது. அதனால் தம்பி அறிவழகனின் பேண்டுக்கு இரண்டாவது ஆல்பத்தைப் பதிவு செய்ய உட்கார்ந்தபோதும் முதல் வேலையாக நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். தேதி, மணி, எந்த மைக் எந்த டிரம்முக்கு எத்தனை சாண் தள்ளி, கூரையில் சூடு இறங்கிவிட்டதா, கரண்டு எத்தனை தடவை போனது, பாடுகிற ராபர்ட் பாடுவதற்கு முன்னால் சுக்குத் தண்ணி குடித்தானா டீ குடித்தானா, எல்லாம் எழுதினாள்.

மூட்டைகளை மட்டும் எழுதவில்லை.

அண்ணாகிராமத்துக்குத் தெற்கே முந்திரித் தோப்பின் நடுவில் இருந்தது அவள் அம்மா ராஜாமணியின் கொட்டகை. செங்கல் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கிழக்கே ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு தகரக் கதவு. பகலெல்லாம் பதினான்கு பெண்கள் உள்ளே வரிசையாக உட்கார்ந்து, வறுத்த கொட்டையைக் கல்லில் நிறுத்தி, கட்டையால் ஒரே தட்டில் பிளந்து பருப்பெடுப்பார்கள். ஓட்டுக்குள் இருக்கும் பால் பட்டால் தோல் கருகி உரியும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் வேலை. பேண்டுக்கு ‘தோலுரி’ என்று அறிவழகன் பேர் வைத்தது இதைப் பார்த்துத்தான். ஆனால் பேரைக் கேட்ட ராஜாமணி, “ஏண்டா, வேற நல்ல பேரே கெடைக்கலியா, பாம்புக்கு வச்ச மாரி” என்றாள்.

மூன்றே பேர். டிரம் அறிவழகன். கிட்டார் அருள்மொழி, அண்ணாமலை நகர் ஊழியர் குடியிருப்புப் பையன். பேஸ் கிட்டாரும் குரலும் ராபர்ட், பிச்சாவரத்தில் சுற்றுலாக்காரர்களுக்குப் படகு வலிக்கிறவன். அவர்கள் வாசிப்பது டெத் மெட்டல். முதன்முதலில் கேட்கிறவர்களுக்கு அது பாட்டு என்றே தோன்றாது. நெய்வேலிச் சுரங்கத்து யந்திரம் மண்ணுக்குள் திரும்புகிற மாதிரி கிட்டார் உறுமும். அறிவழகனின் இரண்டு கையும் இரண்டு காலும் நாலு தனி ஆட்கள் போல ஓடும். அதற்கு மேலே ராபர்ட் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுப்பான். முதல் தடவை அதைக் கேட்டுத் தோப்பில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பேசும்போது அவன் குரல் மெலிசு. யாரிடமும் உரக்க ஒரு வார்த்தை சொல்லமாட்டான்.

முதல் ஆல்பத்தைச் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தார்கள். அங்கிருந்தவர் டிரம் சத்தத்தை வழித்துத் துடைத்து டைப்ரைட்டர் தட்டுகிற மாதிரி ஆக்கிவிட்டார். போலந்தில் ஒருத்தர் அதைக் கேட்டு நூறு கேசட் போட்டார். இரண்டாவதையும் போடுகிறேன், ஆனால் டிரம் மட்டும் உயிரோடு இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். “இந்த வாட்டி நீயே எடுக்கா” என்றான் அறிவழகன். “எனக்கு என்னாடா தெரியும்?” என்றாள் கயல்விழி. “நீ ஒண்ணையும் தொடைக்க மாட்ட. அது போதும்.”

கொட்டகையில் சத்தம் எதிரொலித்துக் கூழாகிவிடும் என்று பயந்தபோது மூட்டை யோசனையைச் சொன்னவன் அவன்தான். தை மாசம், போன பருவத்துக் கொட்டை தொண்ணூறு மூட்டை இருந்தது. அதை டிரம்மைச் சுற்றி மூன்று பக்கமும், அடுக்குக்குப் பத்து மூட்டையாக ஒன்பது அடுக்கு ஏற்றினார்கள். அறிவழகன் கிணற்றுக்குள் இறங்கினவன் போல மறைந்துபோனான். அடித்துப் பார்த்தால் சத்தம் ஒரு துளி சிந்தவில்லை. ஒவ்வொரு அடியும் நெஞ்சாங்கூட்டில் நேராக வந்து குத்தியது.

அதிலிருந்து சாயங்காலம் ஐந்துக்குப் பெண்கள் எழுந்து போனதும் இவர்கள் வருவார்கள். மூன்று பேரும் ஒன்றாக, நிறுத்தாமல் வாசிப்பதுதான் அவர்கள் வழக்கம். தனித்தனியாக எடுத்து ஒட்டுவது கிடையாது. ஏழரைக்கு முடித்துவிட்டு ராஜாமணி போடுகிற கேழ்வரகு அடையைக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்துத் தின்பார்கள். “கத்தறதுக்கு முன்ன தின்னா கொறஞ்சா பூடும், நாய்ங்க மாரி வெறும் வவுத்தோட கொலைக்கிறீங்க” என்பாள் அவள். ராபர்ட் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு அடை கேட்பான்.

இப்படி எட்டுப் பாட்டு ஆகிவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. வருகிற ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்டுக்கு விமானம். பஹ்ரைனில் மீன்பிடிக் கப்பலில் இரண்டு வருஷ ஒப்பந்தம். திரும்பி வந்தபிறகு பாடுவானா, இந்தத் தொண்டை இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கு ஒரு வாரம் முன்னால், முந்தின ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் அருள்மொழி வீட்டில் கூடினார்கள். அவன் அறையில் நல்ல ஸ்பீக்கர் இருந்தது. அருள்மொழி ஆல்பத்துக்கான வரிசையை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். அந்த வரிசையில் முதல் பாட்டு ஓடியது. சரியாக இருந்தது. இரண்டாவது தொடங்கியதும் அறிவழகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“அக்கா, டிரம் ஏன் தூரமா போயிடுச்சி?”

“நா ஒண்ணும் பண்ணலயே. மைக் அதே எடத்துலதான்.” நோட்டைப் புரட்டினாள். “பாரு, ரெண்டு சாண். ரெண்டு சாண்.”

மூன்றாவது பாட்டில் மறுபடியும் கிட்ட வந்தது. நான்காவதில் எங்கோ கல்யாண மண்டபத்தில் அடிக்கிற மாதிரி இருந்தது.

“மச்சான், இது ஒரே பேண்டு மாரி இல்ல. நாலு பேண்டு மாரி இருக்கு” என்றான் ராபர்ட், தாழ்ந்த குரலில்.

கயல்விழி நோட்டை மூன்று தடவை புரட்டினாள். மைக் அதே இடம். மணி அதே மணி. பிறகு, பதிவின்போது போனில் எடுத்த படங்களைப் பார்த்தாள். முதல் நாள் படத்தில் அறிவழகன் இல்லை, மூட்டைகள்தான் இருந்தன. ஐந்தாம் நாள் படத்தில் அவன் தலைமயிர் தெரிந்தது. எட்டாம் நாள் முகம். நேற்றைய படத்தில் இடுப்பு வரைக்கும் தெரிந்தான். ‘இப்போது தம்பி முகம் தெரிகிறது, சைகை காட்ட வசதி’ என்று அவளே நோட்டில் எழுதியும் வைத்திருந்தாள்.

பகலில் பெண்கள் நாளொன்றுக்கு ஐந்து மூட்டை பிரித்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். சுவர் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

“எந் தப்புதான்” என்றாள். அருள்மொழி ஸ்பீக்கரை அணைத்தான். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அறிவழகன் வேகமாக முன்னால் நடந்தான். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் போய் நின்றான்.

“அஞ்சு நாளு வேலைய நிறுத்தும்மா. எங்கனா மூட்டை வாங்கியாந்து பழையபடி அடுக்கறன். எல்லாத்தையும் திரும்ப அடிச்சிடறன்.”

ராஜாமணி முறத்தைக் கீழே வைத்தாள். “அஞ்சு நாளா? பதினாலு பேரு ஊட்ல ஒல கொதிக்கறது அந்தக் கட்டைய நம்பிடா. ஒம் பாட்டுக்காவ அவுங்கள குந்தவச்சிட்டு, நா எந்த மூஞ்சிய வச்சிக்கினு தெருவுல நடக்கறது?”

“ராபர்ட் போயிட்டா இந்த ஆல்பம் அவ்ளதாம்மா.”

“போறவன் காசு சம்பாரிச்சிட்டு வரட்டும். வந்து கத்தட்டும்.”

“எட்டுப் பாட்ட அஞ்சு நாள்ல எடுக்க ஒங் கையி தாங்காதுடா” என்றாள் கயல்விழி.

“நீ பேசாத” என்றான். உடனே முகம் மாறி, “சாப்டியாக்கா?” என்றான். அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். எதையாவது திருத்த முடியுமா என்று பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க நினைத்தாள். அங்கேயும் ஒரு பழைய ஸ்பீக்கர் இருந்தது. ஆனால் பெண்கள் வேலையில் இருந்தார்கள். கட்டைச் சத்தம் டொக் டொக்கென்று நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது.

“போடு பாப்பா, நாங்களும் கேக்கறம்” என்றாள் செல்லாயி. நாற்பத்தைந்து வயசு, கதவோரம் அவள் இடம். “தெனம் எங்க முதுகுக்குப் பின்னால என்னாதான் பண்றீங்கன்னு தெரியட்டும்.”

“காது போயிடும் அத்த.”

“இருவது வருசமா இங்க குந்திக்கினு இருக்கறன். போறதுக்கு இன்னும் என்னா இருக்குது?”

கயல்விழி கைக்கு வந்த ஒரு பாட்டைப் போட்டாள். ராபர்ட் குரல் எழுந்ததும் இரண்டு பேர் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். “அந்தப் புள்ளையா இது? தண்ணி கேக்கவே வெக்கப்படுமே” என்றாள் ஒருத்தி. செல்லாயி சிரிக்கவில்லை. கட்டையை நிறுத்தாமலே தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“இது அஞ்சு அடுக்கு இருக்கசொல்ல எடுத்தது” என்றாள்.

கயல்விழி பாட்டை நிறுத்தினாள். “எது அத்த?”

“மூட்டைதான். அஞ்சு அடுக்கு முழுசா இருந்துச்சி. மேல ஒரு ஆறு.”

நோட்டைத் திறந்தாள். அந்தப் பாட்டு ஏழாம் வேலைநாள். ஐந்தேழு முப்பத்தைந்து. தொண்ணூறில் போக ஐம்பத்தைந்து. “அம்பத்தஞ்சு வருது அத்த. நீங்க அம்பத்தாறு சொல்றீங்க.”

எதிர் வரிசையிலிருந்து இருசம்மாள் குரல் கொடுத்தாள். “அம்பத்தாறுதான். அதுக்கு மொத நாளு காதுகுத்துன்னு நாங்க மூணு பேரு மத்தியானமே போயிட்டம். ஒரு மூட்டை நின்னுபோச்சி.”

கயல்விழி நோட்டின் ஓரத்தில் ஐம்பத்தாறு என்று எழுதிக்கொண்டாள். ஆனாலும் குருட்டாம்போக்கில் சொல்லியிருக்கலாம் என்று சந்தேகப்பட்டாள். வேறொரு பாட்டை நடுவிலிருந்து போட்டாள். “ஒம்பது அடுக்கு, ஒண்ணும் பிரிக்கல” என்றார்கள் இரண்டு பேர் ஒரே குரலில். சரி. இன்னொன்று. “நாலுக்கும் கீழ.” சரி. எட்டுப் பாட்டையும் வரிசை மாற்றி மாற்றிப் போட்டாள். ஒருத்தி சொல்ல ஒருத்தி மறுத்து, ‘அன்னிக்கி மழை தூறிச்சி’, ‘அன்னிக்கி நீ வரவே இல்லியே’ என்று சண்டை போட்டு, கடைசியில் வந்து நின்ற கணக்கு ஒவ்வொன்றும் நோட்டில் இருந்த தேதியோடு பொருந்தியது. ரத்தத்தைப் பார்த்தவுடனே யாருடையது என்று சொல்கிற ஒருத்தரை எதிரில் பார்த்தது போல அவளுக்கு இருந்தது.

“எப்பிடி அத்த?”

“இதுல என்னாடி இருக்குது?” செல்லாயி ஒரு கொட்டையை நிறுத்தித் தட்டினாள். “இந்தக் கட்டைய தட்னா சத்தம் போயி சொவுத்துல முட்டி திரும்பி வருமில்ல? மூட்டை நெறைய இருந்தா வராது, அதுங்க குடிச்சிக்கும். கொறய கொறய திரும்பி வரும். திரும்பிப் பாத்து எண்றதுக்கு எங்க நேரம்? காதாலயே தெரிஞ்சிக்குவம்.”

“எதுக்கு?”

செல்லாயி அவளை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “இன்னும் எத்தினி நாளு வேல கெடக்குதுன்னு தெரியவாணாமா? சத்தம் பெருசாவ ஆரம்பிச்சா வவுறு கலங்கும். இப்பப் பாரு, தட்றன். கேக்குதா? இது வெள்ளிக்கெழம வரைக்கும்தான். அப்பறம் புதுக்கொட்டை வர்ற வரைக்கும் களை எடுக்கப் போவணும், இல்லன்னா சும்மா கெடக்கணும்.” பிறகு ஸ்பீக்கரைக் கட்டையால் சுட்டினாள். “ஒந்தம்பி அடிக்கறதும் அதுதான் சொல்லுது. எங்க கட்டைய விட நல்லாவே சொல்லுது.”

அன்றைக்குச் சாயங்காலம் மூன்று பேரும் வந்தார்கள். கயல்விழி சொன்னாள்: அருள்மொழி போட்ட வரிசை வேண்டாம். எடுத்த நாள் வரிசையிலேயே வைப்போம்.

“தப்ப தப்புன்னு ஒத்துக்கக்கா” என்றான் அறிவழகன். “நல்லாருக்குன்னு சொல்லி மூடாத.”

அவளுக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அதே கேள்வியை அவளும் வழியெல்லாம் தன்னைக் கேட்டுக்கொண்டுதான் வந்தாள். தன் பிழையை மறைக்கத்தான் அந்தப் பெண்கள் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேனோ? “எனக்குத் தெரியலடா. ஒரு வாட்டி கேளு. வாணாம்னா திரும்ப அடி, நா எடுக்கறன்” என்றாள்.

போட்டாள். முதல் பாட்டு மூச்சு முட்ட நெருங்கி வந்தது. உறுமல் காதுக்குள்ளேயே கிடந்தது. இரண்டாவதில் எங்கோ ஒரு விரிசல் விட்ட மாதிரி. மூன்று, நான்கு. ஒவ்வொரு பாட்டுக்கும் இடம் கொஞ்சம் அகன்றது. ஆறாவதில் ராபர்ட்டின் குரல் அவனை விட்டுக் கிளம்பிப் போய்த் தூரத்துச் சுவரைத் தொட்டது. எட்டாவதில் அவர்கள் மூன்று பேரும் சின்னவர்களாகிவிட்டார்கள், அவர்களைச் சுற்றி எதுவோ பெரிதாக எழுந்து நின்றது. யாரும் அதை வாசிக்கவில்லை.

ராபர்ட்தான் முதலில் பேசினான். “வாய்க்கால்ல போறமாரி இருக்குது மச்சான்.”

“என்னாது?”

“தோணிய உள்ள வுட்டா மொதல்ல சுரபுன்னைக் காடு ரெண்டு பக்கமும் தோள்ல இடிக்கும். ஆகாசம் தெரியாது. போவப் போவ அகலும். எப்ப அகலுதுன்னே தெரியாது. கடைசில முகத்துவாரம் வந்துடும், ஒண்ணுமே இருக்காது. தெனம் போறன், தெனம் அங்க வந்தா பயமா இருக்கும்.” அவன் அவ்வளவு நீளமாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை.

“நூறு பேரு கேசட் வாங்குவான்” என்றான் அருள்மொழி. “அதுல ஒருத்தனுக்காவது இது புரியும்.”

அறிவழகன் வெகுநேரம் குச்சியை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டிருந்தான். “அப்பன்னா கடைசிப் பாட்டுக்கு ஒரு மூட்டைகூட இருக்கக்கூடாது. வெள்ளிக்கெழம. சுத்தமா காலியா” என்றான்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கடைசி மூட்டை பிரிந்தது. ராஜாமணி கட்டை, கல், சாக்கு எல்லாவற்றையும் வெளியே போடச் சொல்லி, தரையைத் தானே பெருக்கினாள். பெருக்குகிற சத்தமே அலை அடிக்கிற மாதிரி கூரையில் போய் மோதியது. பெண்கள் கை கழுவிவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றார்கள்.

“உள்ள வந்து குந்தட்டுமா பாப்பா?” என்றாள் செல்லாயி.

கயல்விழி தயங்கினாள். “கோச்சிக்காதீங்க அத்த. ஆளு இருந்தா சத்தம் கொறையும்.”

“நாங்க என்னா மூட்டையாடி?”

எல்லாரும் சிரித்தார்கள். ராஜாமணியும் சிரித்தாள். “இவ ஒரு மூட்டைக் கணக்கு, எம்பது கிலோ தாராளமா வருவா” என்றாள் இருசம்மாளைப் பார்த்து.

அப்போதுதான் கயல்விழிக்குத் தானும் ஒரு ஆள் என்பது உறைத்தது. மடிக்கணினியை எடுத்துக்கொண்டாள், ஒயர்களை ஜன்னல் வழியாக இழுத்தாள், வெளியே ஒரு கூடையைக் கவிழ்த்து அதன் மேல் எல்லாவற்றையும் வைத்தாள். உள்ளே மூன்று பேரையும் விட்டுவிட்டுத் தகரக் கதவை இழுத்துச் சாத்தினாள். பாட்டு முடிந்தபிறகு நான் கதவைத் திறக்கிற வரைக்கும் மூச்சுகூட விடக்கூடாது என்று சொல்லியிருந்தாள்.

அறிவழகன் நாலு தட்டு எண்ணினான். பிறகு கொட்டகையே வாயைத் திறந்தது.

கூரையிலிருந்து இத்தனை வருஷத்துக் கரித்தூள் ஓரமெல்லாம் உதிர்ந்தது. முந்திரி மரத்தில் அடைய வந்த கொக்குகள் கலைந்து எழுந்து மேற்கே போயின. தகரக் கதவு கிடுகிடுவென்று நடுங்கியது. இருசம்மாள் ஒரு அடி பின்னால் போனாள். செல்லாயி முன்னால் வந்து உள்ளங்கையைக் கதவில் வைத்தாள். பார்த்துவிட்டு இன்னொருத்தி வைத்தாள். ஒவ்வொருத்தியாக, கதவின் அகலம் முழுக்கக் கைகளாகிவிட்டன. ராஜாமணி மட்டும் தள்ளி நின்று, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, மகன் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பதை முதல்முதலாகக் கேட்பவள் போல நின்றாள். ராபர்ட் குரல் எடுத்தான். அது சுவருக்குப் போய்த் திரும்பி வந்து, அவனே அடுத்துப் போட்ட குரலைச் சந்தித்தது. ஒருத்தன் ஒரு கூட்டமானான். கயல்விழி நோட்டில் எதையோ எழுதப் பேனாவைத் திறந்தாள். எழுத ஒன்றும் வரவில்லை.

கடைசி அடி விழுந்தது. ஹெட்போனில் அது கூரைக்கு ஏறி, மூலை மூலையாகச் சுற்றி, மெலிந்து, நூலாகி, இல்லாமல் போனது. திரையில் கோடு படுத்துவிட்டது. நிறுத்துகிற பொத்தானுக்கு அவள் விரல் போனது.

செல்லாயி கதவிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் அசைத்தாள். அமுக்காதே.

கயல்விழி ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தன் கையைக் கதவில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, தகரத்தின் சூடு மட்டும்தான். பக்கத்தில் செல்லாயியின் கை. முந்திரிப் பால் தின்று தின்று ரேகையெல்லாம் போய்விட்ட கை. ஆதார் எடுக்கப் போனபோது மெஷின் அதை ஒரு கையென்றே ஏற்றுக்கொள்ளவில்லை. அவள் கண்ணை மூடியிருந்தாள்; அந்தக் கை, காலியான கொட்டகைக்குள் இன்னும் போய்க்கொண்டிருந்த எதையோ விடாமல் பின்தொடர்ந்தது.

தோப்பில் ஒரு சத்தமும் இல்லை. மற்ற பதிமூன்று பேரும் செல்லாயியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இருக்குது” என்று உதட்டை மட்டும் அசைத்தாள் செல்லாயி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “இருக்குது.”

பிறகு கையை எடுத்தாள்.

கயல்விழி பொத்தானை அமுக்கினாள்.